வெளியே கிளம்பும் பெரியவர்களுக்கு: சில கேள்விகள், சில பதில்கள்

வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் பிள்ளைகள் எழுதியவை. 'இந்த வயதில் வெளியே அனுப்பலாமா?' என்ற பயம் எல்லாவற்றிலும் தெரிகிறது. பிசியோதெரபிஸ்ட்டாக நான் சொல்வது, அனுப்புங்கள். நடமாட்டம் குறைந்தால் தொடைத் தசை இளைக்கும், இளைத்தால் விழும் ஆபத்து கூடும். எப்படிப் போவது என்பதை மட்டும் பார்ப்போம்.

அம்மாவுக்கு 72 வயது, வலது முழங்கால் வலி. கைத்தடியை வலது கையில்தான் பிடிக்கிறார். ஆனாலும் வலி குறையவில்லையே? (கும்பகோணம் வாசகி)

தடியை இடது கைக்கு மாற்றச் சொல்லுங்கள். வலிக்கும் காலுக்கு எதிர்ப் பக்கக் கையில்தான் தடி இருக்க வேண்டும். வலது கால் முன்னே போகும்போது இடது கைத் தடியும் கூடவே போகும். அப்போதுதான் அந்தக் காலில் விழும் பாரத்தைத் தடி பங்கு போட்டுக்கொள்ளும். வலிக்கும் பக்கமே தடியைப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து பாரம் கூடுகிறது.

அடுத்தது உயரம். வெளியே போட்டுக்கொள்ளும் செருப்போடு அம்மாவை நிமிர்ந்து நிற்க வைத்து, கைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள். தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். அந்த உயரத்தில் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். தாத்தா வைத்திருந்த தடியை அப்படியே எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. உயரம் பொருந்தாத தடி தோளையும் முதுகையும் சேர்த்துக் கெடுக்கும். உயரம் மாற்றக்கூடிய அலுமினியத் தடி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும்.

தடியைத் திருப்பி, அடியில் இருக்கும் ரப்பரையும் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். ரப்பரை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில்.

அப்பாவால் டவுன் பஸ் படியில் ஏற முடியவில்லை. ஆட்டோவுக்குத் தினமும் கொடுத்துக் கட்டுப்படியாகாது. (சென்னை, கொளத்தூர்)

உங்கள் வழித்தடத்தில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் இவற்றை மறுபடி ஓட்டுகிறது. வாசலில் படிக்கட்டு கிடையாது. நிறுத்தத்தில் வண்டியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தவும் முடியும். ஐந்து நிமிடம் கூடக் காத்திருந்தாலும் இதில் போவதே நல்லது.

சென்னையில் குடியிருக்கும் 60 வயது நிறைந்தவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு. ஆறு மாதத்துக்கானதை மொத்தமாகத் தருவார்கள். பணிமனையில் கேளுங்கள்.

கூடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், மேலே நின்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள்பட்டை பிசகும், நிலையும் தடுமாறும். அப்பா தன் கையால் கம்பியைப் பிடித்து ஏறட்டும், நீங்கள் ஒரு படி கீழே பின்னால் நில்லுங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி அவருக்கு முன்னால் நில்லுங்கள். 'ஸ்டாப் வரப்போகுது, எழுந்திரு' என்று ஓடும் வண்டியில் எழுப்பவே வேண்டாம். கண்டக்டரிடம் முன்பே சொல்லிவைத்தால், நின்ற பிறகு எழுந்து வரும்வரை பொறுப்பார்.

குடும்பமாக நாலு பேருக்கு ரயில் டிக்கெட் போட்டோம். அப்பா அம்மாவுக்கு மிடிலும் அப்பரும் வந்தது. வயதைச் சரியாகத்தான் கொடுத்தோம். (மதுரை)

நாலு பேரைச் சேர்த்துப் போட்டதுதான் காரணம். லோயர் பெர்த்துக்கென்று ரயில்வேயில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது போதும். ஆனால் தகுதியுள்ளவர் தனியாகவோ, அதிகபட்சம் இரண்டு பேராகவோ ஒரே டிக்கெட்டில் பயணம் செய்தால்தான் அது பொருந்தும். பேரப்பிள்ளையைச் சேர்த்தாலே போச்சு.

அதனால் அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட், உங்களுக்குத் தனி டிக்கெட். முன்பதிவின்போது மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்வு செய்யுங்கள். ஒரே பெட்டியில் வராமல் போகலாம், அந்தச் சிரமத்தைச் சகித்துக்கொள்ளலாம். முழங்கால் வலியோடு அப்பரில் ஏறி இறங்குவதை அனுமதிக்கவே கூடாது. அப்படியும் கிடைக்காவிட்டால் டி.டி.இ.யிடம் கேளுங்கள், காலியாகும் லோயரை வயதானவர்களுக்கு மாற்றிக் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. (கட்டணச் சலுகையையும் சிலர் கேட்டிருந்தீர்கள். மூத்த குடிமக்களுக்கான அந்தச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.)

76 வயது அப்பா ஸ்கூட்டர் ஓட்டுகிறார். சாவியை ஒளித்து வைக்கலாமா? (திருச்சி)

வேண்டாம். ஒளித்தால் சண்டைதான் மிஞ்சும். சட்டத்தில் உச்ச வயது வரம்பு கிடையாது. 55 வயதுக்கு மேல் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, மருத்துவச் சான்றோடு புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் வயதை விட்டுவிட்டு அறிகுறிகளைப் பாருங்கள். வண்டியில் புதுக் கீறல்கள் விழுகின்றனவா? எதிரே வரும் விளக்கில் கண் கூசுகிறதா? கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடிகிறதா? கண்புரை இருந்தால் அறுவை முடியும்வரை இரவில் ஓட்டவே கூடாது. சளி மாத்திரைகள் சில தூக்கம் வரவழைக்கும், அன்றைக்கும் வேண்டாம்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், சாவியைக் கேட்பதற்கு முன்பே மாற்று ஏற்பாடு தயாராக இருக்கட்டும். அவர் எங்கெல்லாம் போகிறார் என்று உட்கார்ந்து பேசுங்கள்: ரேஷன் கடை, நண்பர் வீடு, கோயில். அதற்கெல்லாம் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரைப் பேசி வையுங்கள். முடிவை அவர் வாயாலேயே சொல்ல விடுங்கள்.

காரில் ஏறி உட்காரவே திணறுகிறேன். (ஈரோடு, 69)

ஒரு காலை உள்ளே வைத்து ஏறாதீர்கள். முதுகைக் காட்டி நின்று, சீட் முழங்காலுக்குப் பின்னால் படும்வரை நகர்ந்து, உட்காருங்கள். அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். ஏறும்போது நீங்கள் ரோட்டு மட்டத்திலேயே நில்லுங்கள். நடைபாதை மேல் நின்று ஏறினால் சீட் உங்களுக்கு இன்னும் தாழ்வாகிவிடும். ஆட்டோவுக்கு நேர்மாறு, நடைபாதையை ஒட்டி நிறுத்தச் சொல்லி அதன் மேலிருந்து ஏறினால் எளிது.

பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். வழியில் அவசரமாகிவிடும் என்று பயணமே போவதில்லை. (நாகர்கோவில், 70)

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், தண்ணீரையும் குறைக்காதீர்கள். பயண நாளில் மாத்திரை வேளையைத் தள்ளிவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நெடுந்தூரப் பயணத்துக்குக் கழிப்பறை உள்ள ரயிலே மேல். நீண்ட நேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைத்து, எழுந்து கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் நின்று, பிறகு நடங்கள்.