கம்ப்ரஸர் இல்லாமல், மின்வேதி முறையில் வாயுவைத் தள்ளி ஒரு கட்டுப்பாட்டு வால்வை இயக்க முடியுமா?

முடியும். ஆனால் வால்வு சிறியதாக இருக்க வேண்டும்; அதற்கு அவசரமும் இருக்கக் கூடாது. கருவிப் பொறியியலில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமைப்பு எளிமையானது. காற்றுப் புகாத ஒரு பெட்டியைப் புரோட்டானை மட்டும் கடத்தும் சவ்வு இரண்டாகப் பிரிக்கிறது. சவ்வின் இரு முகங்களிலும் பிளாட்டினம் பூசிய மின்வாய்கள், இரு அறைகளிலும் ஹைட்ரஜன். மின்சாரம் பாய்ந்தால் ஓர் அறையில் ஹைட்ரஜன் பிரிந்து புரோட்டானாகச் சவ்வைக் கடந்து, அடுத்த அறையில் மறுபடி ஹைட்ரஜன் ஆகிறது. அங்கே அழுத்தம் ஏறும். அந்த அறையோடு இணைந்த பெல்லோஸ், அதாவது துருத்தி போல மடிந்து விரியும் குழாய், நீண்டு வால்வின் தண்டைத் தள்ளும். மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் தண்டு திரும்பி வரும். மோட்டாரும் இல்லை, பல்சக்கரமும் இல்லை, சத்தமும் இல்லை.

மின்னழுத்தம் அற்பம்தான். அறை வெப்பநிலையில் அழுத்தத்தை இரு மடங்காக்க, கோட்பாட்டளவில் 9 மில்லிவோல்ட் போதும். சவ்வின் மின்தடைக்காக இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இடிப்பது வாயுவின் அளவு. 1 ஆம்பியர் ஒரு நிமிடத்தில் சுமார் 7.6 மி.லி. ஹைட்ரஜனைத்தான் நகர்த்தும். 5 சதுர செ.மீ. பரப்பும் 4 மி.மீ. நகர்வும் உள்ள பெல்லோஸுக்கு இது தாராளம்: 1 பார் அழுத்த வேறுபாட்டில் 50 நியூட்டன் விசை கிடைக்கும், நகர்வுக்கு அரை நிமிடம் ஆகும். 100 சதுர செ.மீ. டயாபிரமை (அழுத்தத்தில் வளைந்து கொடுக்கும் தகட்டை) 2 செ.மீ. நகர்த்தப் பார்த்தால், அதே 1 ஆம்பியருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகிவிடும்.

பலரும் தடுமாறுவது வேறோர் இடத்தில். வால்வுக்குக் கட்டளையாக அனுப்பும் வழக்கமான 4–20 மில்லிஆம்பியர் சிக்னலில் 12 என்றால் வால்வு பாதி திறப்பு. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. குழாயை எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பது தண்ணீர் விழும் வேகத்தைச் சொல்லுமே தவிர, தொட்டியில் எவ்வளவு நிற்கிறது என்பதைச் சொல்லாது, அதே கதைதான். மின்னோட்டம் தண்டின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. இதுவரை பாய்ந்த மொத்த மின்னூட்டமே அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே தொகையிடும் வேலையை, அதாவது வந்ததையெல்லாம் கூட்டிக்கொண்டே போவதை, வால்வே செய்துவிடுகிறது. வால்வுக்குக் கட்டளை தரும் கன்ட்ரோலரிலும் தொகையீட்டைத் தாராளமாக வைத்தால் வால்வு முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கும்.

மின்னூட்டத்தை எண்ணியே இடத்தைக் கணித்துவிடலாம் என்று ஆசை வரும். நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் சவ்வின் வழியாகவே மெல்லப் பின்வாங்கும். ரப்பர் டயாபிரமாக இருந்தால் அதன் வழியாகவும் வெளியேறும். எனவே உலோக பெல்லோஸ் வேண்டும், தண்டின் இடத்தைக் காட்டும் ஒரு சென்சாரும் வேண்டும். சவ்வு காய்ந்தால் மின்தடை எகிறும் என்பதால் உள்ளே ஈரமும் இருந்தாக வேண்டும்.

மின்சாரம் நின்றால் வால்வு கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும். அது தானாக மூட வேண்டுமானால், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மின்சாரம் இழந்து விழும்போது இரு மின்வாய்களும் குறுக்கிணையும்படி கம்பி போடுங்கள். அழுத்த வேறுபாடே ஒரு குட்டி பேட்டரியாக வேலை செய்து வாயுவைத் திரும்ப அனுப்பிவிடும். வேறுபாடு குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால், பாதுகாப்புக்கான அவசர மூடலுக்கு இதை நான் பயன்படுத்த மாட்டேன். அறைச் சூடாக்கியின் வெந்நீர் வால்வுக்குப் பயன்படுத்துவேன்.