அரை மணி நேரம் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று வருடமாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன், இதுதான் முதல் கடிதம். சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில், ஒரு வங்கியின் திட்டத்தில் வெண்டர் (ஆள் அனுப்பும் நிறுவனம்) வழியாக வேலை பார்க்கும் டெவலப்பர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். வயது 31.

காலை ஒன்பதரைக்கு ஸ்டாண்ட்-அப், அதாவது டீமின் தினசரிக் கூட்டம். கால் மணி என்பார்கள், முக்கால் மணி ஆகும். பதினொன்றரைக்குச் சென்னை டீம் வந்துவிடும். சாயங்காலம் லண்டன் எழுந்துகொள்ளும். நடுவில் சிந்திக் கிடக்கும் நேரத்தில்தான் கோட் எழுத வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ், புது மாற்றங்களை சிஸ்டத்தில் ஏற்றும் வேலை. போன வாரம் ஒரு பக், மென்பொருள் பிழை. பழைய வாடிக்கையாளர்களின் பிறந்த தேதி மட்டும் ஒரு நாள் முன்னால் காட்டியது. ஏதோ அரை மணி நேரக் குளறுபடி. கண்டுபிடிக்க இரண்டு நாள், மாற்றியது ஒரே வரி. "ஒரு வரிக்கு ரெண்டு நாளா? ஏஐ இருக்கே?" என்று டீம் லீட் எல்லார் முன்னாலும் கேட்டார்.

இரண்டு வருடம் உட்கார்ந்து கட்டிய ஒரு சிஸ்டத்தை இந்த ஆண்டு மூடப் போகிறார்கள். நான் செய்த எதுவும் மிஞ்சாது. ஏசிக்குள் உட்கார்ந்திருக்கும் கூலிதானே நான்? கதை எழுத ஆசை, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு வரி வருவதில்லை. இபி என்கிற வேலை பாஸைப் புதுப்பிக்கும் நாளும் நெருங்குகிறது. விட்டுவிட்டு ஊருக்குப் போய் எழுதலாமா?

(பெயர் வேண்டாம் அண்ணா.)

*

அன்புள்ள தம்பி,

கதை வரவில்லை என்கிறீர்கள். ஆனால் கடிதத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. அதை "ஏதோ குளறுபடி" என்று சொல்லிவிட்டு லீட்மேல் கோபப்படப் போய்விட்டீர்கள். நான் அந்த அரை மணி நேரத்திலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் பக்கை என்னால் ஊகிக்க முடிகிறது, நானும் அதில் விழுந்து எழுந்தவன். 1982 முதல் பிறந்தவர்களுக்குத் தேதி சரியாக இருந்திருக்கும். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைந்திருக்கும். பழைய சிஸ்டத்தை எழுதிய புண்ணியவான் சிங்கப்பூர் என்றால் எந்தக் காலத்திலும் யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, எட்டு மணி நேரம் முன்னால் என்று நினைத்து, பிறந்த நாளின் நள்ளிரவிலிருந்து எட்டைக் கழித்து யூடிசியில் போட்டு வைத்திருப்பார். புதிதாக நீங்கள் எழுதிய பகுதி ஒழுங்கானது. 'ஏசியா/சிங்கப்பூர்' என்று கணினிகள் வைத்திருக்கும் நேர மண்டலப் பட்டியலைக் கேட்கிறது. அந்தப் பட்டியலுக்குச் சரித்திரம் தெரியும். 1975இல் இந்த ஊர் ஏழரை மணி நேரம்தான் என்று அது ஏழரையைக் கூட்டித் தரும். நள்ளிரவுக்கு அரை மணி குறையும். ராத்திரி 11.30. அதாவது முந்தைய நாள். திரையில் தேதி மட்டும்தான் தெரியும் என்பதால் அரை மணி ஒரு நாளாக வீங்கிவிடும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சரியாகக் கணக்குப் போட்ட பகுதிதான் தப்பான விடையைக் காட்டியது என்பது. அதனால்தான் இரண்டு நாள். உங்கள் லீடுக்கு இதை எப்படி ஸ்டாண்ட்-அப்பில் சொல்வது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இனி அந்த அரை மணி எங்கே போனது என்பது. மலேசியத் தீபகற்பம் அப்போது ஏழரை, சபாவும் சரவாக்கும் எட்டு. நாடு முழுக்க ஒரே நேரம் வேண்டுமென்று மலேசியா முடிவெடுத்தது. ஜோகூர்ப் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குள் போனால் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம் என்றால் வியாபாரம் என்னாவது? சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1981 டிசம்பர் 31, ராத்திரி பதினொன்றரைக்குக் கடிகாரங்களைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஆண்டின் கடைசி அரை மணி நேரத்தை இந்தத் தீவில் யாரும் வாழவில்லை.

அது முதல் தடவையும் இல்லை. 1933இல் ஏழு மணி இருபது நிமிடம். 1941 செப்டம்பரில் ஏழரை. 1942 பிப்ரவரி 15 பிரிட்டிஷார் சரணடைந்தார்கள். மறுநாளே ஜப்பானியர் கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டார்கள், தோக்கியோ நேரம், ஒன்பது. மூன்றரை ஆண்டு சிராங்கூன் ரோட்டில் இருந்த நம் ஆட்கள் தோக்கியோ மணிக்குச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். 1945இல் மறுபடி ஏழரை. இத்தனையும் அந்தப் பட்டியலில் வரி வரியாக இருக்கிறது. பூமியின் கணக்குப்படி நாம் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. அதனால்தான் இங்கே ஏழு மணிவாக்கில் விடிகிறது. ஆறரைக்கு எங்கள் புளோக்கின் கீழே பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் இருட்டில் நிற்கிறார்கள். அந்த இருட்டும் உங்கள் பக்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஏஐயைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் தினம் பயன்படுத்துகிறேன், நிறைய தட்டச்சு மிச்சம். என் பக்கின்போதும் கேட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் கோடைக்கால நேர மாற்றமெல்லாம் கிடையாது, கவலை வேண்டாம் என்று அடித்துச் சொன்னது. சொன்னது உண்மைதான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த நேரத்தில் எனக்கே விடை தெரிந்துவிட்டிருந்தது.

அடுத்து, "கூலி". இந்தச் சொல்லை நம் ஐடி நண்பர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. வேறு ஊரில் சொல்லுங்கள், இங்கே சொல்லாதீர்கள். நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு லாரி பக்கத்தில் வந்து சிக்னலில் நிற்கும். பின்னால் பத்துப் பதினைந்து பேர், ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அதில் உங்கள் மாவட்டத்துப் பையன்களும் உண்டு. இந்த ஊரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் இஸ்தானாவையும் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். கூலிகூட அவர்களுக்குப் பெரிய சொல். உங்களுக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் கஷ்டத்துக்கு அவர்களுடைய சொல்லை எடுத்துக்கொண்டால் உங்களுடையது என்னவென்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

உங்களுடையது நேரம். கடிதத்தில் நீங்களே வரிசையாகச் சொல்லிவிட்டீர்கள், சென்னை, லண்டன் என்று. நம் வேலையில் ஒரு விஷயத்தைத் தலைக்குள் ஏற்றுவதற்கே நாற்பது நிமிடம் ஆகும். இந்த மாறி (வேரியபிள்) எங்கிருந்து வருகிறது, இதை யார் யார் தொடுகிறார்கள், இங்கே ஒன்றை எடுத்தால் எங்கே விழும் என்று ஒரு சீட்டுக்கட்டு மாளிகை மாதிரி மெல்ல நிற்க வைப்போம். அப்போது சாட்டில் ஒரு "ஹாய்" வந்து நிற்கும். வெறும் ஹாய். என்ன வேண்டும் என்று சொல்லமாட்டார். பதிலுக்கு நாம் ஹாய் சொன்னால்தான் அடுத்த வரி. மாளிகை போச்சு. இதற்கு டைம்ஷீட்டில் கட்டம் கிடையாது. உங்கள் ராத்திரி பத்து மணிக்குக் கதை வராததற்கும் காரணம் இதுதான். பகல் முழுக்க நாற்பது தடவை இடித்த கட்டடத்தை ராத்திரி எழுப்ப யாருக்கு வலு இருக்கும்?

நான் ஏழே காலுக்கே ஆபீசுக்குப் போய்விடுவேன். கீழே கோப்பிக் கடையில் ஒரு கோப்பி ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பி) கட்டிக்கொண்டு, ஒன்பதரை வரை சாட்டைத் திறப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் முதல் முக்கால் மணி என் கதைக்கு, மிச்சம் கம்பெனிக்கு. கம்பெனிக்குக் கிடைப்பது நல்ல நேரம் என்பதால் எனக்குக் குற்ற உணர்ச்சியும் இல்லை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது நடக்காது. அப்போது வேறு வழி பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை ரிலீசுக்கு ஈடாக விடுப்புக் கேட்டீர்களா? கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். வேலை நியமனச் சட்டத்தில் ஓவர்டைம் பற்றிய பகுதி மாதம் 2,600 வெள்ளிக்கு மேல் வாங்கும் அலுவலக ஊழியர்களைத் தொடாது. ஆகவே நம் சனிக்கிழமைக்குச் சட்டம் காவல் இல்லை, நம் வாய்தான். நீக்குப்போக்கான வேலை நேரம் வேண்டுமென்று முறையாக எழுதிக் கேட்டால், 2024 டிசம்பரில் வந்த வழிகாட்டுதல்படி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தரமாட்டேன் என்றும் பதில் சொல்லலாம். ஆனாலும் கேட்டு வையுங்கள்.

மூடப்போகும் உங்கள் சிஸ்டம். எனக்கும் நடந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு பிரீமியம் கணக்கிடும் பகுதியை மூன்று பேர் சேர்ந்து எழுதினோம். பன்னிரண்டு வருடம் ஓடியது. அதை அணைக்கச் சொல்லும் டிக்கெட் (வேலைச் சீட்டு) என் பெயரிலேயே வந்தது. வெள்ளிக்கிழமை மதியம், நாலே கட்டளை. பிறகு பிரியாணி சாப்பிடப் போனோம். வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் மிஞ்சாது என்கிறீர்களே, அங்கே எனக்கு நா. கோவிந்தசாமி நினைவு வருகிறார். இந்த ஊரின் சிறுகதைக்காரர், விரிவுரையாளர். கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றியவர்களில் முன்னோடி. 1997இல் இங்கே நடந்த தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 1999இல் மறைந்துவிட்டார். தமிழ் எழுத்துகளைக் கணினியில் குறிக்க அவர் வகுத்த குறியாக்கம் இன்று புழக்கத்தில் இல்லை. எல்லாம் யூனிகோடு, உங்கள் கடிதமும் அதில்தான் வந்தது. அவர் வேலை மிஞ்சியதா, போனதா? எனக்கு ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு பதில் தோன்றும். கோட் எழுதுகிறவர் கதை எழுத முடியுமா என்பதற்கு மட்டும் அவரைத் தாண்டிச் சாட்சி தேவையில்லை.

ஊருக்குப் போவதா என்பதை நான் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் சொல்கிறேன். வேலையை விட்டால் பாஸ் ரத்தாகும், இங்கே தங்கக் கையில் 30 நாள். அதற்குள் புதிய முதலாளி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து பாஸ் புதுப்பிப்புக்கும் காம்பஸ் என்ற மதிப்பீட்டு முறையில் 40 புள்ளிகள் வேண்டும். ஆத்திரத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுப்பது சிங்கப்பூரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் ஆடம்பரம். எழுதுவதற்காகப் போகிறேன் என்றால், போகும் முன் இங்கேயே ஒரு கதை முடித்துப் பாருங்கள். ஊரில் காலையில் சாட் வராது, சொந்தக்காரர்கள் வருவார்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஒரு வரியை மாற்றினீர்களே, கமிட் செய்தியில், அதாவது மாற்றத்தோடு சேர்த்து வைக்கும் குறிப்பில், என்ன எழுதினீர்கள்? 'தேதி பிரச்சினை சரிசெய்யப்பட்டது' என்றுதானே? பார்க்காமலே பந்தயம் கட்டுவேன். இன்னும் நாலு வருடம் கழித்து ஒரு பையனோ பெண்ணோ அந்த வரியைப் பார்த்து, இது எதற்கு இங்கே என்று அழித்துவிடுவார். நாளைக் காலை ஸ்டாண்ட்-அப்புக்கு முன்னால் போய், அந்த வரிக்கு மேலே 1981 டிசம்பர் 31 ராத்திரி இந்த ஊரில் என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதி வையுங்கள். எழுதியதும் எனக்கும் அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.