பெயரில்லாத பழைய அக்கார்டியனை வாங்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அக்கார்டியன் ஒன்று பார்த்தேன். வலப்பக்கம் 41 கட்டைகள், இடப்பக்கம் 120 பொத்தான்கள். எங்கும் பெயர் இல்லை. "நூறு வருடத்து ஜெர்மன் பெட்டி" என்று சொல்லி 18,000 ரூபாய் கேட்கிறார் கடைக்காரர். எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு வாங்க நினைக்கிறேன். எந்த நாட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பெயர் இல்லாததால் மட்டும் அது மட்டமான சரக்கு ஆகிவிடாது. ஜெர்மனியின் கிளிங்கெந்தாலிலும் இத்தாலியின் காஸ்டெல்ஃபிடார்டோவிலும் செய்த பெட்டிகள் பலவற்றில் விற்ற கடைக்காரர்களின் பெயரே ஒட்டப்பட்டது. முகப்புத் தகட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். உதிர்ந்த எழுத்துகளின் ஆணித்துளைகள் வரிசையாகத் தெரியலாம். 'மேட் இன் ஜி.டி.ஆர்.' என்று எங்காவது இருந்தால் அது கிழக்கு ஜெர்மனிப் பெட்டி, 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. வலப்பக்கம் ஒலியின் தன்மையை மாற்றும் ரெஜிஸ்டர் சுவிட்சுகள் ஐந்தாறு இருந்தால், அவை பின்னாளில் வந்தவை என்பதால் நூறு வருடக் கதையை நம்ப வேண்டாம்.

அடுத்து, துருத்தியை மரப்பெட்டியோடு பிணைக்கும் ஊசிகளைக் கடைக்காரரையே கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். ரீடு தகடுகளில், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் எஃகு நாக்குகளைத் தாங்கும் தகடுகளில், சுரப்பெயர் பொறித்திருக்கும். 'எச்' என்ற எழுத்து கண்ணில் பட்டால் ஜெர்மன் வழக்கம். அவர்கள் 'பி' சுரத்தை அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் ஜெர்மன் ரீடுகளை வாங்கி வேறு நாட்டில் பூட்டியிருக்கவும் கூடும்.

உண்மையில் எனக்குக் கவலை நாட்டைப் பற்றியல்ல, மெழுகைப் பற்றி. ரீடு தகடுகளைப் பிடித்திருப்பது தேன்மெழுகும் பைன் மரப் பிசினும் கலந்த பூச்சு. நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும். காய்ந்த சந்தனம் போலப் பொடிந்தால் எல்லாத் தகடுகளையும் எடுத்து மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும். கடற்காற்று படும் நம் ஊர்களில் எஃகு நாக்குகளில் துருவும் ஏறியிருக்கலாம். மூன்று வரிசை ரீடுள்ள பெட்டியில் வலப்பக்கம் மட்டும் 246 நாக்குகள்: 41 கட்டை, மூன்று வரிசை, இழுக்க ஒன்று, அழுத்த ஒன்று. துரு பரவியிருந்தால் பழுதுக்கூலி விலையையே தாண்டிவிடும்.

மூடிய பிறகு துருத்தியைக் கட்டியிருக்கும் வாரை அவிழ்த்து, கட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி தூக்கிப் பிடியுங்கள். துருத்தி மெல்ல இறங்கினால் நல்லது, சட்டென்று விழுந்தால் காற்று கசிகிறது. பிறகு ஒவ்வொரு கட்டையையும் இழுத்தும் அழுத்தியும் வாசியுங்கள். ஆலயத்துக் கீபோர்டோடு சேர வேண்டும் என்பதால், 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸுக்கு நிற்கிறதா என்று கைபேசியில் சரிபாருங்கள். மேலே முத்துப் பளபளப்போடு இருப்பது பெரும்பாலும் செல்லுலாய்டு. எளிதில் தீப்பிடிக்கும், அருகே மெழுகுவர்த்தி வேண்டாம்.

இத்தனையும் தேறினால் 'ஜெர்மன் தயாரிப்பு, எல்லாச் சுரமும் ஒலிக்கிறது' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசும்போது அந்தப் பில்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி.