கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்றால்…

டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 46 வயது. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடிப்பார். ஆறு மாதமாக, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தால் பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டோம். இப்போது வலது பெருவிரல் நுனி கறுத்திருக்கிறது. டாக்டர் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன் காலுக்கு எதற்கு? நானும் அம்மாவும் பீடி சுற்றித்தான் வீடு ஓடுகிறது. வீண் செலவு செய்ய முடியாது.
– ஒரு வாசகி, முக்கூடல்

பதில்: இது வீண் செலவு இல்லை அம்மா. நாளைக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி இருக்கிறது. கறுத்த விரலை வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

நம் ஊரில் எல்லாமே ‘நரம்பு’தான். ஊசி போட இடம் கிடைக்காவிட்டால் நரம்பு கிடைக்கவில்லை என்போம். காலில் நீலமாகப் புடைத்தால் நரம்புச் சுருட்டு. உண்மையில் இந்த இரண்டும் ரத்தக் குழாய்கள். இந்த ஒரு சொல்லால் போன கால்களை நான் பார்த்திருக்கிறேன். கல்லிடைக்குறிச்சியில் என் பெரியப்பாவுக்கு எட்டு மாதம் நரம்பு ஊசி போட்டார்கள். நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன், நானும் அந்தச் சொல்லை நம்பிவிட்டேன். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்து நாடி துடிக்கிறதா என்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் எந்த வயல் காயும்? கடைமடைதானே. உடம்பில் கால்விரல்தான் கடைமடை. நடக்கும்போது தசை கூடுதல் ரத்தம் கேட்கிறது, அடைப்பு இருப்பதால் வருவதில்லை, வலிக்கிறது. நின்றால் இருக்கிற ரத்தமே போதும், வலி போய்விடுகிறது.

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே மெஷின்தான். காலுக்கு வேறு புரோப், அதாவது தோலின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவி, வைப்பார்கள். அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும்போது அந்த ஒலியின் சுருதி மாறும். ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ் நம்மைத் தாண்டியதும் சத்தத்தின் சுருதி இறங்குகிறதல்லவா, அதே சங்கதி. 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் என்பவர் நட்சத்திர ஒளியை வைத்து இதைச் சொன்னார். சுருதி எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து ரத்தத்தின் வேகம் தெரிந்துவிடும். அடைப்பினால் குறுகிய இடத்தில் ரத்தம் சீறிப் பாயும். அதற்குச் சற்று முன்னால் இருக்கும் வேகத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால், குழாய் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டது என்று கணக்கு.

அப்பா பயப்பட வேண்டாம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஜெல் தடவும்போது சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இடுப்பு மடிப்பிலிருந்து கணுக்கால் வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும், அதனால் நேரம் ஆகும். திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தால் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் புரோபை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் காட்டும் நிறம் அது. மெஷின் அந்தச் சுருதி மாற்றத்தை நம் காதுக்குக் கேட்கும் சத்தமாகவும் தரும், அதையும் அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல குழாயில் வெட்டு வெட்டாகக் கேட்கும். அடைப்புக்கு அந்தப்பக்கம் மந்தமாக, காற்று வீசுவதுபோல ஒரே இழுவையாக இருக்கும்.

கையிலும் கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிடுவார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்து வருவது 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று அர்த்தம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து இந்த எண் பொய் சொல்லும். ஆகவே அப்பாவுக்குச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

அடைப்பு தொடையில் இருந்தால் பலூன், ஸ்டென்ட், பைபாஸ் என்று வழிகள் உண்டு. எங்கே, எவ்வளவு நீளம் என்பதை இந்த ஸ்கேன் காட்டும். தேவைப்பட்டால் அப்புறம் ஆஞ்சியோகிராம். ஆனால் இந்த வயதும் பீடியும் சேர்ந்திருப்பதால் எனக்கு பர்கர் நோய் என்ற சந்தேகம்தான் முதலில் வருகிறது. அது முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்களை அடைக்கிற நோய். அங்கே பைபாஸ் பல நேரம் கைகொடுக்காது. புகையிலையை அடியோடு விடுவதுதான் பெரிய மருந்து. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பீடி என்றாலும் நோய் விடாது, வெற்றிலையோடு போடும் புகையிலையும் அப்படித்தான். பீடித்தட்டு மடியில் இருக்கிற வீட்டில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லுங்கள், மகள் சொன்னால் கேட்பார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அந்தக் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள்.

கேள்வி: நான் சமையல் மாஸ்டர், நாள் முழுக்க நின்றே வேலை. நரம்புச் சுருட்டுக்கு ஸ்கேன் எடுத்தபோது என்னை நிற்க வைத்தே எடுத்தார்களே, ஏன்?
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ரத்தத்தை மேலே ஏற்றும் சிரைகளில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை பழுதானால் நிற்கும்போதுதான் ரத்தம் கீழே திரும்பி வழிவது நன்றாகத் தெரியும். கெண்டைக்காலை அமுக்கிவிட்டதும் அரை நொடிக்கு மேல் திரும்பி வழிந்தால் வால்வு பழுது. லேசர் சிகிச்சை செய்தாலும் இதே ஸ்கேனைப் பார்த்துக்கொண்டுதான் கம்பியை உள்ளே செலுத்துவார்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.