கேள்வி-பதில்: ஒல்லி நாய்க்குட்டிக்கு எடை கூட்டும் பவுடர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு மூன்றரை மாதம், எடை 5.5 கிலோ. விலா எலும்பு வெளியே தெரிகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "சோறு போடுறீங்களா, இல்லையா?" என்று கேட்கிறார்கள். காலையில் ஒரு டம்ளர் பாலும் நாலு மேரி பிஸ்கட்டும், ராத்திரி ஒரு கிண்ணம் தயிர்சாதமும் கொடுக்கிறோம். பெட் ஷாப்பில் எடை கூட்டும் பவுடர், கால்சியம் டானிக், மல்டிவிட்டமின் சொட்டு மருந்து மூன்றையும் எடுத்து வைத்து 1,600 ரூபாய் என்றார்கள். பவுடர் மட்டும் 300 கிராம் 850 ரூபாய். தினம் 10 கிராம் கொடுக்க வேண்டுமாம். வாங்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: மூன்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏன் என்பதற்குக் கணக்கே போதும்.

மாவோ சர்க்கரையோ புரதமோ, எதுவானாலும் கிராமுக்கு 4 கலோரிதான். அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பவை இவைதான். ஆக 10 கிராமில் 40 கலோரி வரும், அது ஒரு முட்டையில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. 850 ரூபாயை 30 நாளுக்குப் பிரித்தால் தினம் 28 ரூபாய் ஆகிறது. அந்தக் காசுக்கு மளிகைக் கடையில் மூன்று முட்டையாவது கிடைக்கும். டப்பாவின் மேல் கட்டுமஸ்தான நாய்ப் படம் போட்டிருப்பதால் உள்ளே இருக்கும் கலோரி கூடிவிடாது.

இப்போது உங்கள் குட்டியின் தட்டைப் பார்ப்போம். கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்குப்படி, நாலு மாதத்துக்கு உட்பட்ட 5.5 கிலோ குட்டிக்குத் தினம் சுமார் 750 கலோரி வேண்டும். நீங்கள் கொடுப்பது பால், பிஸ்கட், தயிர்சாதம் எல்லாம் சேர்த்து 550 கலோரியைத் தாண்டினால் ஆச்சரியம். அதைவிடப் பெரிய குறை புரதத்தில் இருக்கிறது. வளரும் குட்டிக்கு 1,000 கலோரிக்கு 56 கிராம் புரதமாவது இருக்க வேண்டும் என்பது செல்லப்பிராணி உணவுக்கு அளவுகள் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு வைத்திருக்கும் அளவு. 750 கலோரிக்கு அது 42 கிராம். உங்கள் தயிர்சாதமும் பாலும் சேர்ந்து 17, 18 கிராம்தான் தரும். குட்டி வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறது, ஆனால் உடம்பு வளர்வதற்கான பொருள் அந்தத் தட்டில் இல்லை. பாலைப் பற்றி இன்னொன்று: தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிறு இளகும். அப்படி இளகினால் சாப்பிட்டதும் வீண்தான். தயிர் அந்த அளவுக்குத் தொல்லை தராது.

ஆனால் உணவை மாற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். முதலாவது, குட்டி உண்மையிலேயே ஒல்லியா என்பது. சிப்பிப்பாறை முயலைத் துரத்திப் பிடிக்க வளர்த்தெடுத்த ஜாதி. ஆழமான நெஞ்சும் ஒட்டிய வயிறும் அதன் இயல்பு. கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிந்தால் அது குறையே இல்லை. லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பட்டினி கிடப்பது போலத் தெரியும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் அதுவாக இருக்கலாம். கண்ணை நம்பாமல் கையால் தடவிப் பாருங்கள். கையை முஷ்டி பிடித்து விரல் முட்டிகளைத் தடவினால் எப்படி இருக்கிறதோ, அப்படி விலா துருத்திக்கொண்டிருந்தால் எடை குறைவு. விரித்த புறங்கையைத் தடவுவது போல, எலும்பு தட்டுப்பட்டும் மேலே மெல்லிய சதை இருந்தால் சரி. முதுகுத்தண்டும் இடுப்பு எலும்பும் கூர்மையாகத் துருத்தி, தொடையில் சதையே இல்லை என்றால் அது ஜாதி இயல்பு அல்ல. வளர்ந்த சிப்பிப்பாறை 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். அந்தக் கணக்கில் 5.5 கிலோ கொஞ்சம் குறைவுதான், ஆனால் பயப்படும் அளவு இல்லை.

இரண்டாவது, குடல் பூச்சி. நம் ஊர்க் குட்டிகளில் ஒல்லிக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருந்தே வரும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் மண்ணிலிருந்தும் வரும். கொக்கிப்புழு ரத்தத்தையே உறிஞ்சுவதால் ஈறு வெளுத்துப்போகும். குட்டி பிறந்து இரண்டு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதாமாதம் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். "வாங்கும்போதே கொடுத்தாச்சு" என்று விற்றவர் சொன்னது ஒரே ஒரு தடவை கொடுத்த மருந்தைத்தான். எடைக்கேற்ற அளவு முக்கியம் என்பதால் கடைக்காரர் ஊகத்தில் தரும் மருந்தை வாங்காதீர்கள். குட்டியின் மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். மலப் பரிசோதனை பெரிய செலவு இல்லை. ஜியார்டியா, காக்சிடியா மாதிரியான கிருமிகள் இருந்தால் வழக்கமான பூச்சி மருந்துக்கு அவை அசையாது, வேறு மருந்து வேண்டும். பரிசோதனை செய்தால்தான் அது தெரியும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சலும் எடையைக் கரைக்கும்.

வாந்தி, ரத்தம் கலந்த பேதி, வெள்ளையாய்ப் போன ஈறு, எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பார்வோ என்னும் வைரஸ் குடல் நோயாக இருந்தால் ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து.

சரி, இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் அந்த 1,600 ரூபாயைக் குட்டிகளுக்கான உலர் உணவில் போடுங்கள். வாங்கும்போது பையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்றும், 'குரோத்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்றும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது துணைத் தீனி, முழு உணவு இல்லை. குட்டி உணவில் ஈரம் நீக்கிய கணக்கில் புரதம் 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் குறைந்தபட்சம் வேண்டும். வளர்ந்த நாய்க்கான உணவுக்கு 18-ம் 5.5-ம் போதும் என்பதால், விலை மலிவு என்று 'அடல்ட்' பையைத் தூக்கி வராதீர்கள்.

தினம் 150 கிராம் உலர் உணவு, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடிச் சோறு. இது கிட்டத்தட்ட 750 கலோரியைத் தொடும், 3 கிலோ பை 20 நாள் வரும். வெவ்வேறு பிராண்டுகளை ஒப்பிடும்போது பையின் விலையைப் பார்க்காமல் ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற அலகு விலையும் பையிலேயே இருக்க வேண்டும். இரண்டு வேளை என்பதை மூன்று அல்லது நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், இந்த வயதுக் குட்டி ஒரே மூச்சில் அவ்வளவு தின்னாது. புதிய உணவுக்கு ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேதியாகி, வாங்கிய உணவின் மேல் பழி விழும்.

கோழிக்கடையில் எலும்பில்லாத கறி வாங்கி உப்பில்லாமல் வேகவைத்துச் சேர்க்கலாம். வெந்த எலும்பு மட்டும் கூடாது, அது சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறும் பாயசத்து உலர் திராட்சையும் நாய்க்கு விஷம். ஆட்டுக் கொழுப்பைப் போட்டுச் சீக்கிரம் தேற்றலாம் என்பார்கள், அதில் வயிறு கெடுவதுதான் சீக்கிரம் நடக்கும்.

கால்சியம் டானிக்கைப் பற்றி: முழு உணவு கொடுக்கும்போது கால்சியம் அதிலேயே அளவாக இருக்கிறது. குட்டிகளின் குடலுக்கு அதிகப்படியான கால்சியத்தை ஒதுக்கத் தெரியாது, கொடுத்ததை உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக வளரும் பெரிய ஜாதிக் குட்டிகளில் இதனால் எலும்பும் மூட்டும் கோணலாகும். வெறும் சோறும் கறியுமாகவே வளர்ப்பவர்களுக்குத்தான் கால்சியம் குறையும். அவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக் கொடுக்கட்டும்.

வாரம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் நில்லுங்கள், பிறகு தனியாக நின்று கழித்துக்கொள்ளுங்கள். இந்த ஜாதிக்கு இந்த வயதில் வாரம் கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை ஏறினால் நன்றாகவே வளர்கிறது. அதைவிட வேகமாக ஏற்ற வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டி என்று சொல்லி ஒரு லாப்ரடாரை விற்றார்கள். மருத்துவரிடம் காட்டினால் ஐந்து வாரம்தான் இருக்கும் என்கிறார். எலும்பும் தோலுமாக இருக்கிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

பதில்: 2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். மருத்துவரிடம் வயது, எடை, உடல்நிலையை எழுத்தில் வாங்குங்கள். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எதையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனால் அதற்கெல்லாம் நாள் பிடிக்கும், குட்டிக்கு அவ்வளவு நேரம் இல்லை. உப்பிய வயிறும் ஒட்டிய உடம்பும் சேர்ந்தால் அனேகமாகப் பூச்சிதான். உங்கள் மருத்துவரிடம் இன்றைக்கே அதைக் கேளுங்கள். குழந்தைகளுக்கான டப்பா உணவு கொடுங்கள் என்று விற்றவர் சொல்லியிருந்தால் அதை விடுங்கள். நாய்க்குட்டிகளுக்கென்றே வரும் பால் பவுடரும், வெந்நீரில் ஊறிய குட்டி உணவும் சின்னச் சின்ன வேளையாகக் கொடுக்கலாம். உருண்டைப் புழு மனிதருக்கும் தொற்றும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குட்டியைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

கேள்வி: பெரிய மூட்டையிலிருந்து பிரித்துக் கிலோக் கணக்கில் விற்கும் நாய் உணவு மலிவாக இருக்கிறதே, வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். திறந்த உணவிலுள்ள கொழுப்பு நம் ஊர் வெயிலில் சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சையும் வரும். தயாரித்த மாதம், காலாவதி, புரத அளவு எதுவும் அந்தப் பிளாஸ்டிக் கவரில் இருக்காது. வளர்ந்த நாய் உணவைக் குட்டி உணவு என்று தந்தாலும் உங்களால் கண்டுபிடிக்க முடியாது. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் நாய் வளர்க்கும் நண்பரோடு சேர்ந்து ஒரு பெரிய மூட்டையை மூடிய நிலையில் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பங்கை இறுக்கி மூடும் டப்பாவில் வைத்து, ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் தீருமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.