ஆரல்வாய்மொழி கணவாயில் ஜூலைக் காற்று

ஜூலையில் நாகர்கோவிலிலிருந்து சைக்கிளில் பணகுடி போய்த் திரும்பப் போகிறேன், 50 மி.மீ. டீப் ரிம் (விளிம்பு அகலமாக, பக்கவாட்டில் தட்டுபோல இருக்கும் சக்கரம்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாதத்தில் வேண்டாம் நண்பரே.

வழியில் வரும் ஆரல்வாய்மொழி கணவாயில் ஏற்றம் ஒன்றுமில்லை, காற்றுதான் மலை. தென்மேற்குப் பருவத்தில் கேரளப் பக்கத்துக் காற்று மலைகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அங்கே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நட்டு வைக்கவில்லை! போகும்போது முதுகில் தள்ளும், நாம்தான் பெரிய ஆள் என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில். டீப் ரிம்மில் இன்னொரு தொல்லை: லாரி உங்களைக் கடக்கும் நொடியில் காற்று மறைந்து, உடனே பக்கவாட்டில் அறையும், முன் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும். சாதாரண ரிம் போதும். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் மேற்கே திரும்பிவிடுங்கள். தண்ணீரில் பாதியைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றே வேண்டாம் என்றால் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைப் பக்கம் போங்கள். ரப்பர் தோட்ட நிழல், நல்ல ஏற்ற இறக்கம். மழைக்காலத்தில் சருகு ஊறி வழுக்கும், வளைவுகளில் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். காளிகேசம் வரை போக நினைத்தால் வனத்துறை அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

அப்புறம், பேச்சிப்பாறையிலிருந்து மேல் கோதையாறுக்கு ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குச் சாலை மாஞ்சோலைப் பக்கமிருந்துதான்.