கேட் அடிக்கிற பட்டறையில் ரலி சைக்கிளைக் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவின் பழைய ரலி சைக்கிளைக் கொண்டுவந்திருக்கிறேன். பின்சில்லின் அச்சு பூட்டுகிற இடத்துக்குக் கிட்ட, குழாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதை ஒட்டுவித்து, அப்படியே பின்பக்கத்தை அகட்டி 8 கியரும் போட விருப்பம். பக்கத்தில் கேட், கிறில் செய்கிற பட்டறையில் 'அரை மணித்தியாலத்தில் ஒட்டித் தாறன்' என்கிறார்கள். கொடுக்கலாமா? கொழும்பில் பிரேம் வேலை தெரிந்தவர்களை எங்கே பிடிப்பது?"

கொடுக்க வேண்டாம். அந்த அரை மணித்தியாலம்தான் எனக்குப் பயம்.

கேட் அடிக்கிறவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அவர் கை பழகியது தடித்த இரும்பில். சைக்கிள் குழாயின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரை ஒட்டியே இருக்கும். நல்ல ரேஸ் சைக்கிள்களில் குழாயின் நடுப்பகுதி 0.6 மில்லிமீற்றருக்கும் இறங்கும். ஆர்க் வெல்டிங் கம்பியை அதில் வைத்தால் ஒன்றில் ஓட்டை விழும், இல்லையென்றால் ஒட்டின் ஓரம் அரித்துப்போகும். நானும் ஒருமுறை அவசரத்தில் இப்படி ஒட்டுவித்தேன். பார்வைக்கு நல்ல மொத்தமான ஒட்டு. ஆறாவது கிழமை வெடித்தது, ஒட்டில் அல்ல, அதற்கு அரை விரற்கடை தள்ளி.

உங்கள் ரலியின் மூட்டுகள் பித்தளையால் ஒட்டியவை. பித்தளைக் கம்பி சுமார் 900 பாகை செல்சியஸில் உருகிவிடும். இரும்பு உருக 1,500 அளவில் வேண்டும். ஆகவே குழாய் உருகாமலே ஒட்டு பிடிக்கிறது. செட்டியார் தெருவில் நகைத் தொழிலாளர் பொடி வைத்து ஊதுகிறார்களே, அதே சூத்திரம்தான். ஆகவே நீங்கள் தேட வேண்டியது காஸ் விளக்கும் பித்தளைக் கம்பியும் வெண்காரமும் வைத்து வேலைசெய்கிற ஒரு பாஸை. 'இங்கு சைக்கிள் பிரேம் செய்யப்படும்' என்று பலகை தொங்குகிற கடையைத் தேடினால் காலும் நோகும், மனமும் நோகும்.

டாம் வீதியில் தொடங்குங்கள். அங்கே சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. முன்னுக்கு நிற்கிற விற்பனையாளரை விட்டுவிட்டு, உள்ளே சில்லு நேராக்கிக்கொண்டிருக்கிற வயதான ஆளிடம், "பிரேம் வெடித்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று கடைகளில் ஒரே பெயர் வந்தால் அவர்தான் ஆள். கிடைக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் சைலன்சர் ஒட்டுகிறவர்கள், சக்கர நாற்காலி, ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறவர்கள் பக்கம் போய்ப் பாருங்கள். மெல்லிய குழாய் அவர்களுக்குப் பழக்கம். ஏசி, பிரிஜ் திருத்துகிறவர்களுக்கும் விளக்குப் பிடிக்கிற கை நன்றாக வரும். ஒரு எச்சரிக்கை: செம்புக் குழாய்க்கு அவர்கள் பாவிக்கிற பொஸ்பரஸ் கலந்த கம்பி இரும்புக்கு ஆகவே ஆகாது. ஒட்டினது போல இருக்கும், பிறகு பிஸ்கட் மாதிரி முறியும். வெள்ளிக் கம்பியா, பித்தளைக் கம்பியா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆளைப் பிடித்ததும் ரலியைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய இரும்புக்காரரிடம் ஒரு உடைந்த பிரேமை வாங்கி, அதில் ஒரு துண்டை ஒட்டித் தரச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். தெரிந்தவர் முதலில் பெயின்றைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை அரத்தாள் போடுவார். பிறகு சுவாலையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். வெண்காரம் முதலில் பொங்கி, பிறகு கண்ணாடி போலப் படியும். குழாய் செம்மஞ்சளாகச் சிவக்கும் நேரம் கம்பியைத் தொட்டால், பித்தளை தானாகவே இடுக்குக்குள் ஓடி மறையும். குழாய் வெளிர் மஞ்சளாகும்வரை சூடாக்குகிறவரும், சூட்டோடு தண்ணீருக்குள் அமிழ்த்துகிறவரும் வேண்டாம். ஆறியதும் ஒட்டைக் குறுக்கே வாளால் அறுத்துப் பார்த்தால் மிச்சக் கதை தெரிந்துவிடும்: பித்தளை இடுக்கு முழுக்கப் போயிருக்க வேண்டும்.

இனிக் கியர். ஒற்றைக் கியர் ரலியின் பின்பக்க இடைவெளி 110 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 8 கியர் ஹப்புக்கு, அதாவது சில்லின் நடுக்குடத்துக்கு, 130 வேண்டும். பழைய 6, 7 கியர் ரேஸ் சைக்கிளின் 126-ஐ 130 ஆக்குவது சின்ன வேலை. இது பக்கத்துக்கு 10 மில்லிமீற்றர், அதுவும் வெடித்த குழாயில். எனக்கு மனம் வரவில்லை. கியர் உள்ளேயே இருக்கிற ஸ்டர்மி-ஆர்ச்சர் 3 கியர் ஹப் ஒன்றைத் தேடிப் போடுங்கள். அப்பா காலத்து ரலிகளிலேயே அது வந்திருக்கிறது, கொழும்பின் மேடு பள்ளத்துக்கு மூன்று கியர் தாராளம். கேபிளுக்கும் கிளிப் போட்டால் போதும், பிரேமில் புதிதாக எதையும் ஒட்டத் தேவையில்லை.

ஒட்டு முடிந்ததும், பெயின்ற் அடிக்க முன்னர், நூல் பிடித்துப் பாருங்கள். பின்சில்லு அச்சு பூட்டுகிற ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றி, மற்றப் பக்கத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். ஆசனக் குழாயிலிருந்து இரண்டு நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகலாம், அதற்கு மேல் என்றால் திருப்பிக் கொடுங்கள். முன் போர்க்கிலும் வெடிப்பு இருந்தால் ஒட்டுகிற பேச்சே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அது முறிந்தால் முகம்தான் முதலில் தெருவில் படும்.

பெடல் அச்சுக் கோப்பைகளைக் கழற்ற நேர்ந்தால், வலப்பக்கக் கோப்பை கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத்தான் கழலும். நொட்டிங்ஹாமில் செய்த பழைய ரலிகளில் அந்த மரை அங்குலத்துக்கு 26 சுற்று. இன்று கடையில் கிடைப்பது 24. தேய்ந்திருக்கிறது என்று எறிந்துவிடாதீர்கள். லேத்காரர் "புது மரை வெட்டித் தாறன்" என்றாலும் விடாதீர்கள். புது குண்டுகளும் கிறீஸும் போட்டுப் பழைய கோப்பைகளையே பூட்டுங்கள்.